சுயமரியாதைத் திருமணம்

புரோகிதர், ஓமத் தீ, வடமொழி மந்திரம் எதுவுமின்றி, மணமக்கள் தாமே உறுதிமொழி கூறிச் செய்துகொள்ளும் மணமுறை. பெரியார் ஈ.வெ.ரா.வின் சுயமரியாதை இயக்கம் இதைப் பரப்பியது. அழைப்பிதழ்களில் 'வாழ்க்கைத் துணைநல ஏற்பு விழா' என்றும் அச்சிடுவர்.

1925இல் தொடங்கிய 'குடி அரசு' இதழ் புரோகித மணத்தைத் தொடர்ந்து கண்டித்தது. இயக்கத்தின் முதல் திருமணம் 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடந்தது. 1929 பிப்ரவரியில் டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன் தலைமையில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு, பெண்ணுக்குச் சம சொத்துரிமையும் துணையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையும் வேண்டுமெனத் தீர்மானித்தது. இரண்டும் ஒரே மேடையில் கேட்கப்பட்டது தற்செயல் அன்று. சமமாக மதிக்கப்படாதவள் தன் வாழ்வைத் தானே முடிவுசெய்ய இயலாது என்பதே இயக்கத்தின் அடிப்படைக் கருத்து.

கன்னிகாதானத்தில் தந்தை கொடுக்கிறார், மணமகன் ஏற்கிறான். பெண் வாய் திறக்க வேண்டியதில்லை. இங்கோ தலைமை தாங்குபவர் வரிவரியாகச் சொல்லித்தர, மணமகளும் ஒலிபெருக்கி முன் நின்று உறுதிமொழி கூறுகிறாள். தான் எதிர்பார்க்கும் உரிமைகள் துணைக்கும் உண்டு என்பது அதன் சாரம். பெற்றோர், உற்றார் கேட்க, தன் வாழ்வைப் பற்றிப் பெண் தானே அறிவிக்கும் இந்த நிமிடமே இம்முறையின் உயிர்நாடி. மாலை மாற்றலும் வாழ்த்துரைகளும் அதன்பின் வருபவை.

சட்டம் இதை எளிதில் ஏற்கவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மணம் செல்லாது என்றது. அண்ணா அரசு 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. அதன்படி உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தாலோ, மாலையோ மோதிரமோ அணிவித்துக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்த மணங்களுக்கும் இச்சட்டம் ஏற்பளித்தது. பிள்ளைகளின் வாரிசுரிமை இதனால் காக்கப்பட்டது.

  

இம்மணம் ஊரறிய நடக்கவேண்டிய கட்டாயமில்லை என உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டில் நடக்கும் பிற திருமணங்களைப் போல இதையும் பதிவு செய்வது கட்டாயம்.