பள்ளிவழிப் பொறுப்பு கைமாறிய வரலாறு: நடைப்பேருந்து பற்றி ஒரு மறுவாசிப்பு

பெரியவர் ஒருவர் முன்னே செல்ல, பிள்ளைகள் வரிசையாகப் பின்தொடர, வழியில் குறித்த இடங்களில் மற்றப் பிள்ளைகள் வந்து சேர்ந்துகொள்ளும் ‘நடைப்பேருந்து’ பற்றிப் பேசுவோர் எவரும் ராபின் கேர்ன்ஸ், டேமியன் காலின்ஸ், பட்ரிஷியா நியூவெல்ட் மூவரும் 2003இல் வெளியிட்ட ஆக்லாந்து ஆய்வைத் தாண்டிப் போக முடியாது. அவர்கள் முடிவு கறாரானது. நடைப்பேருந்து பிள்ளைகளைக் காரிலிருந்து இறக்கி நடக்க வைக்கிறது. ஆனால் சாலையில் காரின் ஆதிக்கத்தை அது தொடுவதே இல்லை. பிள்ளைகள் நடந்தாலும் பெரியவர்களின் கண்காணிப்புக்கும் விதிகளுக்கும் உள்ளேயே நடக்கிறார்கள். தவிரவும், வசதியான பகுதிகளில்தான் இது வேரூன்றுகிறது. காலின்ஸும் கேர்ன்ஸும் 2005இல் இக்கடைசிக் கருத்தை மேலும் வலுப்படுத்தினர்: ஆக்லாந்தில் நடந்துசெல்லும் பிள்ளைகள் வாகனங்களில் அடிபடுவது மிகுந்திருந்தது ஏழைப் பகுதிகளில், நடைப்பேருந்துகள் மிகுந்திருந்தது செல்வர் பகுதிகளில்.

ஆக்லாந்தைப் பொறுத்தவரை இதில் எனக்கு மறுப்பில்லை. அங்கே கண்டதைச் சேர்ந்து நடக்கும் முறையின் இயல்பாகவே அவர்கள் கொள்வதுதான் ஏற்கத்தக்கதன்று. கண்காணிப்பும் வர்க்கச் சாய்வும் அம்முறையோடு பிறந்தவை அல்ல. பள்ளிவழியைக் காக்கும் கடமை சாலை அதிகாரிகளிடமிருந்து பெற்றோர் கைக்கு மாறிய ஒரு குறிப்பிட்ட கட்டத்தின் விளைவுகள் அவை.

வழக்கமாகச் சொல்லப்படும் வமிசாவளி இப்படிப் போகும்: 1970களில் டென்மார்க்கின் ஓடென்ஸ நகரம், 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியரான டேவிட் எங்விக்ட், 1998இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ், பின்னர் அமெரிக்கா. எங்விக்ட் நடைப்பேருந்தை முன்மொழிந்த ஆண்டை 1991 என்போரும் உண்டு, 1992 என்போரும் உண்டு. அவர் நூல் வெளிவந்த ஆண்டை வைத்துப் பார்த்தால் பிந்தியதே பொருந்துகிறது. ஆனால் நூலுக்கு முன்பே பேச்சில் கருத்து உலவியிருக்கலாம் என்பதால் இதை முடிவாகச் சொல்லத் துணியவில்லை.

இந்த வரிசையின் முதல் கண்ணியே எனக்கு ஐயத்தைத் தருகிறது. டென்மார்க்கின் 1976ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில், மூன்றாம் உட்பிரிவாக ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. பள்ளிக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் பிள்ளைகளை வாகனப் போக்குவரத்திலிருந்து காக்க ஏற்பாடு செய்வது காவல்துறையின் மேலும் சாலை அதிகாரிகளின் மேலும் விழுகிறது. அதைப் பள்ளிகளுடன் கலந்தாலோசித்துச் செய்ய வேண்டும். இவ்வளவுதான். பள்ளிக்குக்கூட இதில் ஆலோசகர் இடம்தான். பெற்றோர் எங்குமே இல்லை. பிள்ளைக்கும் கடமை எதுவுமில்லை. காக்கப்பட வேண்டியவராக மட்டுமே பிள்ளை வருகிறார்.

பெற்றோரைக் குறிப்பிடாதது தற்செயல் என்று கொள்ளலாமா? முடியாது என்பேன். இன்று நடப்பிலுள்ள அதே சட்டம், ஆறு வயதுக்குட்பட்டவர் சைக்கிள் ஓட்டினால் 15 வயது நிரம்பிய ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று மற்றோர் இடத்தில் விதிக்கிறது. துணை தேவை என்று கருதிய இடத்தில் துணையைச் சொல்லத் தெரிந்த சட்டம் இது. அங்கும் அத்துணை தாயோ தந்தையோ ஆக வேண்டியதில்லை. அக்கா, அண்ணன் போதும். ஓடென்ஸவில் நடந்ததும் இவ்வாக்கியத்துக்கு இசைந்ததே. பிள்ளைகளும் பெற்றோரும் ஆபத்தான இடங்களைச் சுட்டிக்காட்டினர். நகராட்சி சாலையைக் குறுக்கியது, நடுத்திட்டுகள் அமைத்தது, சைக்கிள் பாதை போட்டது. குடும்பத்தார் தகவல் தந்தனர். வேலையைச் செய்தது நகராட்சி.

எங்விக்ட் வந்த வழி வேறு. பிரிஸ்பேனில் சாலை விரிவாக்கத்தை எதிர்த்த குடியிருப்பாளர் போராட்டத்திலிருந்து எழுந்தவர் அவர். விபத்துப் பதிவேட்டைப் புரட்டிய பொறியாளர் அல்லர். அவர் யோசனையில் அக்கம்பக்கத்தார் தாமாகவே முறைவைத்துப் பிள்ளைகளை அழைத்துச் செல்வார்கள். ஓடென்ஸவின் வழித்தோன்றலாக இதைக் காட்டுவது, பின்னால் வந்த அமெரிக்கத் திட்டங்கள் இவ்விரு வழிகளையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்துக்கொண்டதால் விளைந்த பார்வை மயக்கம் என்றே நினைக்கிறேன். எதிர்ச்சான்று தேடினால், வேகத்தடைகளும் குறுகிய தெருக்களும் பற்றிய ஐரோப்பிய அனுபவத்தை எங்விக்ட் அறிந்திருந்தார் என்பது மட்டும் தேறும். அதற்கும் நடைப்பேருந்துக்கும் நேரடி உறவு நிறுவப்பட வேண்டும், ஊகம் போதாது.

இனி ஜப்பான். வமிசாவளி எழுதுவோர் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆக்லாந்து வாசிப்பு உடைவதோ இங்கேதான். பல பொதுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரே தெருப் பிள்ளைகள் காலையில் ஓரிடத்தில் கூடி வரிசையாகச் செல்கிறார்கள். வரிசையின் தலைவர் ஆறாம் வகுப்பு மாணவரோ மாணவியோ. பெற்றோர் முறைவைத்துத் தெருமுனைகளில் மஞ்சள் கொடியோடு நிற்பதுண்டு. வரிசையை நடத்துவது பிள்ளை. குடியிருக்கும் பகுதியே பள்ளியைத் தீர்மானிப்பதால் இவ்வழக்கம் செல்வர் தெருவோடு நின்றுவிடவில்லை. இது தொடங்கிய ஆண்டைச் சொல்வது கடினம். பள்ளிகளும் பெற்றோர் சங்கங்களும் ஊருக்கு ஊர் வளர்த்த வழக்கத்துக்கு அரசாணைத் தேதி கிடையாது. பள்ளி ஏறத்தாழ நான்கு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற 1958ஆம் ஆண்டு அளவுகோல் நடந்து வருவதையே இயல்பாகக் கொண்டது. சாலைச் சாவுகள் 16,765 என்ற உச்சத்தை 1970இல் தொட்டன. பள்ளிச் சுற்றுவட்ட வாகனக் கட்டுப்பாட்டு மண்டலங்கள் 1972இல் வந்தன. கூட்டுநடை இவற்றுக்கு முந்தியதா, இவற்றோடு சேர்ந்து பரவியதா என்பது திறந்த கேள்வியாகவே இருக்கட்டும்.

கேர்ன்ஸ் தரப்பு இதற்கு மறுமொழி சொல்லக்கூடும்: பள்ளி குறித்த வழியில்தானே ஆறாம் வகுப்புப் பிள்ளையும் நடத்துகிறது, அதுவும் பெரியவர் அதிகாரத்தின் நிழல்தானே? பாதி உண்மை. ஆனாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏழு வயதுப் பிள்ளையைச் சாலை கடத்துவதை ஆக்லாந்துத் தன்னார்வலரின் கண்காணிப்போடு ஒரே பெட்டியில் அடைத்தால், ஆய்வுக்கருவி மழுங்கிவிட்டது என்றுதான் பொருள்.

ஜப்பானியச் சான்று எனக்கு முழுச் சாதகம் என்றும் சொல்ல மாட்டேன். 2012 ஏப்ரலில் கியோட்டோ மாநிலத்துக் கமேயோகாவில், வரிசையாகச் சென்ற பிள்ளைகள் மீதும் உடன்சென்ற தாய் ஒருவர் மீதும் கார் ஏறியது. அதன் பின்னர் நாடெங்கும் பள்ளிவழிகளை அவசரமாக ஆய்ந்தபோது, 70,000க்கு மேற்பட்ட இடங்கள் சீரமைக்கப்பட வேண்டியவை எனத் தெரிந்தது. சேர்ந்து நடக்கும் பழக்கம் ஊன்றிய நாட்டிலேயே டென்மார்க் சட்டம் சொன்ன கடமை இவ்வளவு நிலுவையில் இருந்திருக்கிறது.

அமெரிக்காவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் என் வாதத்துக்கு இடைஞ்சல். பாதுகாப்பான பள்ளிவழித் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 61.2 கோடி டாலர் ஒதுக்கிய அது, ஊக்குவிப்பு, கல்வி, காவல் போன்றவற்றுக்கு 10 முதல் 30 விழுக்காடுதான் அனுமதித்தது. மீதி நடைபாதை, கடவை போன்ற கட்டுமானத்துக்கு. ஆகவே கடமை முற்றாகக் கைமாறிவிட்டது என்பது மிகை. பொதுமக்கள் கண்ணில் பட்டதும் பேசப்பட்டதும் அந்தச் சிறு பங்குதான் என்று வேண்டுமானால் திருத்திச் சொல்லலாம்.

அண்மைய சைக்கிள் பேருந்துகளில் காற்று மறுபடி திரும்புகிறது. கத்தலோனியாவின் விக் நகரில் 2020இலும், பார்சிலோனாவின் எஷாம்ப்லேயில் 2021இலும் பெற்றோரும் பிள்ளைகளும் கூட்டமாகச் சைக்கிளில் பள்ளிக்குக் கிளம்பினர். பார்சிலோனாவில் நகரக் காவலர்கள் வழிவிலக்கிக் கூட வந்தனர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2023இல் நிறைவேற்றிய சட்டம், பள்ளிப் பேருந்துக்கான நிதியைச் சைக்கிள் பேருந்து நடத்துவோருக்கும் சாலைக் கடவைக் காவலர்களுக்கும் செலவிட வழிவிட்டது. தன்னார்வலர் செய்த வேலைக்குப் பொதுப்பணம் வந்தால் வர்க்கச் சாய்வு குறைகிறதா என்பதை, 2005இல் ஆக்லாந்தை அளந்த அதே முறையில் அம்மாநிலத்துப் போர்ட்லாந்தை அளந்து பார்த்தால் சொல்லிவிடலாம். கேர்ன்ஸ் சரியா நான் சரியா என்பதையும் அந்த அளவை தீர்க்கும்.