தற்குறி

தன் + குறி = தற்குறி. எழுதத் தெரியாதவர் பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாகத் தாமே இடும் அடையாளம் என்பதே இதன் முதற்பொருள். குறிக்கு வழங்கிய பெயர் பின்னர் குறியிட்டவருக்கே ஆகிவந்து, படிக்காதவரை இழித்துரைக்கும் வசையாகிவிட்டது. ‘கைநாட்டு’க்கும் இதே கதிதான்.

அந்த வசைக்குள் ஒரு நல்ல வழக்கம் மறைந்துபோனது. பழைய பத்திரங்களில் தற்குறி தனியே நிற்காது. ‘இது இன்னார் தற்குறி’ என்று விவரம் அறிந்த ஒருவர் பக்கத்தில் கையெழுத்திடுவார். குறியிட்டவருக்கு அந்தச் சாட்சிதான் காவல்.

இடையஞ்சாவடி முதல் மரக்காணம் உப்பளம் வரை, ரேஷன் கடை இயந்திரத்தில் விரல் வைப்பவர் பட்டதாரியே ஆனாலும் இடுவது தற்குறிதான். உப்பு வாரித் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காவிட்டால், முந்தானையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்க வேண்டும். அந்த ரேகை எங்கே போகிறது, யார் கையாள்கிறார் என்று எடுத்துச் சொல்ல அருகில் எவருமில்லை. செல்பேசிச் செயலியில் ‘சம்மதம்’ என்று தொடுவதும் அப்படியே. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம்; ரேகையை மாற்ற முடியுமா?

இந்த ரேகைக்கும் சம்மதத்துக்கும் சட்டத்தில் காவல் உண்டா? 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் பெற இடமுண்டு. படிக்கத் தெரியாதவருக்கு அதை யார் வாசித்துக் காட்டுவது என்பதை அச்சட்டம் சொல்லவில்லை.