மூக்கில் ரத்தம் வந்த குதிரை

குதிரைப் பந்தயத்தைப் பற்றி ஒரு டாக்டர் எதுக்கு எழுதணும்னு தோணலாம். காரணம் இருக்கு, முழுசா படிங்க.

1) இங்கிலாந்தின் எப்சம் டெர்பி மூன்று வயதுக் குதிரைகளுக்கான பந்தயம். அதாவது ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். 1867இல் அதில் ஓட இருந்த குதிரைகளில் ஒன்று ஹெர்மிட். ஹென்றி சாப்ளின் அதை 1000 கினி கொடுத்து வாங்கியிருந்தார்.

2) சாப்ளினுக்கு நிச்சயம் செய்திருந்த பெண் ஃப்ளாரன்ஸ் பேஜட். 1864இல் அவர் ஹேஸ்டிங்ஸ் பிரபுவோடு போய்த் திருமணம் செய்துகொண்டார். அதே ஹேஸ்டிங்ஸ்தான் இப்போ ஹெர்மிட் ஜெயிக்காதுன்னு பெரும் பணம் கட்டியிருந்தார்.

3) டெர்பிக்குக் கொஞ்ச நாள் முன்பு, பயிற்சி ஓட்டத்தில் ஹெர்மிட் மூக்கில் ரத்தம் கொட்டியது. குதிரை அவ்வளவுதான்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. 15 பவுண்ட் கட்டினால் 1000 பவுண்ட் தருகிறோம் என்கிற அளவுக்கு அதன் மதிப்பு சரிந்தது.

4) இங்கதான் மருத்துவம் வருது. அந்த ரத்தம் பெரும்பாலும் மூக்கிலிருந்து வருவதில்லைங்க, நுரையீரலிலிருந்து வருவது. ஓய்வில் நிமிடத்துக்கு 30-40 முறை துடிக்கும் குதிரையின் இதயம், நாலுகால் பாய்ச்சலில் 200ஐத் தாண்டும். நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் எகிறும். மெல்லிய தந்துகிகள் கிழியும். குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது, அதனால் ரத்தமும் மூக்கு வழியாகவே வரும்.

5) பந்தயம் முடிந்ததும் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால், பெரும்பாலான குதிரைகளின் மூச்சுக்குழாயில் கொஞ்சமாவது ரத்தம் இருக்கும். மூக்கு வரைக்கும் வருவது சிலவற்றுக்குத்தான். இதைக் குறைக்க அமெரிக்காவில் போடும் ஊசி என்ன தெரியுமா? நுரையீரலில் நீர் கோத்து வரும் நோயாளிகளுக்கு நாங்க போடுற அதே ஃப்ரூசமைட்!

6) மே 22, டெர்பி நாள். மே மாதத்திலும் பனி கொட்டியது. ஜானி டேலி ஓட்டிய ஹெர்மிட், மார்க்ஸ்மேன் என்ற குதிரையைக் கழுத்தளவு வித்தியாசத்தில் முந்தி ஜெயித்தது.

7) அந்த ஒரே பந்தயத்தில் ஹேஸ்டிங்ஸ் இழந்தது சுமார் 1,20,000 பவுண்ட். அடுத்த வருடமே, 26 வயதில், கடனாளியாக இறந்துபோனார்.

8) ஹெர்மிட்? இனப்பெருக்கக் குதிரையாக 1880 முதல் 1886 வரை தொடர்ந்து ஏழு வருடம் பிரிட்டனில் முதலிடம். அதன் மகள் ஷாட்டோவர் 1882இலும், மகன் செயின்ட் பிளேஸ் 1883இலும் டெர்பி ஜெயித்தன. இறந்தது 1890இல்.

9) குதிரைக்கு வந்த ரத்தக்கசிவு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஹேஸ்டிங்ஸுக்கு இருந்த சூதாட்டப் பழக்கத்தை அன்று யாரும் நோயாகப் பார்க்கவில்லை. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதுவும் இருக்கு.

தோத்த காசை எடுத்துடலாம்னு திரும்பத் திரும்பக் கட்டிக்கிட்டே இருக்கிறவங்க உங்க வீட்டில் இருந்தா, திட்டித் திருத்த முடியாதுங்க. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. சிகிச்சை இருக்கு.