வைரத்தின் தரம்

வைரத்தின் தரம் என்பது ஒரு கல்லின் வெட்டு, நிறம், தெளிவு, எடை ஆகிய நான்கையும் சோதித்துத் தரும் மதிப்பீடு. இன்று உலகெங்கும் வழங்கும் அளவுகோலை 1950களில் வகுத்தது, ராபர்ட் ஷிப்லி 1931இல் தொடங்கிய அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. நிறமும் தெளிவும் பெரும்பாலும் நிலத்தடியிலேயே அமைந்துவிடுகின்றன. வெட்டு மட்டுமே பட்டை தீட்டுபவரின் கைத்திறன். நகையில் கல் எவ்வளவு மின்னும் என்பதை முதன்மையாக முடிவு செய்வதும் அதுவே.

வெட்டு

வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. அடிப்பட்டைகளில் 24.4 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் படும் ஒளி வெளியேறாமல் முழுமையாகத் திரும்பி, மேல்முகம் வழியாகக் கண்ணை எட்டும். அடிப்பகுதி அளவுக்கு மீறி ஆழமாகவோ தட்டையாகவோ இருந்தால் ஒளி கசிந்து கல் மங்கும். வட்டக் கல்லுக்கு ஏற்ற கோணங்களை மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் கணக்கிட்டார். வட்ட வெட்டில் 57 அல்லது 58 பட்டைகள் உண்டு. நன்கு வெட்டிய 1 காரட் கல்லின் விட்டம் ஏறத்தாழ 6.5 மி.மீ. ஆழமாக வெட்டிய கல் அதே எடையிலும் சிறிதாகத் தெரியும்.

நிறம்

நிறமற்ற ‘டி’ முதல் இளமஞ்சள் ‘இசட்’ வரை எழுத்துகளால் நிறம் குறிக்கப்படுகிறது. டி, இ, எஃப் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை ஏறத்தாழ நிறமற்றவை. பின்னவற்றின் மெல்லிய சாயல் மஞ்சள் தங்கத்தில் பதித்தபின் எளிதில் தெரியாது.

தெளிவு

பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியில் கல்லின் உள்ளும் புறமும் காணும் குறைகளைக் கொண்டு தெளிவு வகுக்கப்படுகிறது. குறையற்ற எஃப்.எல். தொடங்கி ஐ.எஃப்., வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ., ஐ என நிலைகள் இறங்கும். வி.எஸ். கல்லின் குறைகள் பொதுவாக வெறுங்கண்ணுக்குப் புலப்படா. விளிம்பை எட்டும் விரிசல் மட்டும் ஆபத்தானது. கடினத்தில் முதலிடம் பெற்ற வைரமும் சில திசைகளில் அடிபட்டால் பிளந்துவிடும். குறை பார்த்து வைரம் தேரும் வழக்கம் தமிழில் பழமையானது: சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, காகபாதம், ரேகை முதலிய குற்றங்கள் நீங்கிய வைரங்களை மதுரைக் கடைவீதியில் காட்டுகிறது.

எடை

1 காரட் 200 மில்லிகிராம். அது 100 சென்ட். கல் பெரிதாகப் பெரிதாக ஒரு காரட்டுக்கான விலையும் உயரும். எனவே பத்து 10 சென்ட் கற்களைவிட, அதே தரமுள்ள ஒற்றை 1 காரட் கல்லின் விலை பன்மடங்கு அதிகம். 95 சென்ட் கல் 1 காரட் கல்லைவிட மலிவு. கண்ணுக்கு வேறுபாடு அரிதாகவே தெரியும்.

தமிழக வழக்கு

ஏழுகல் தோட்டில் ஒவ்வொரு கல்லின் தரத்தோடு, எல்லாக் கற்களின் நிறமும் அளவும் ஒத்திருப்பதும் முக்கியம். கடைகளில் வழங்கும் ‘ப்ளூ ஜாகர்’ என்ற பெயர், நீலச் சாயல் கொண்ட வெண்கற்களுக்குப் புகழ்பெற்ற தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. அது வணிகப் பெயரே. ஆய்வகத் தரநிலை அன்று. பின்புறம் மூடிக் கட்டும் நகைகளில் கல்லின் பக்கமும் அடியும் மறைந்துவிடும். ஆகவே கட்டுவதற்கு முன்பே கற்களைத் தனியாகப் பார்ப்பது நல்லது.

சான்றிதழ்

ஆய்வகச் சான்றிதழில் நான்கு தரங்களுடன், புற ஊதா ஒளியில் கல் ஒளிரும் அளவும், செய்யப்பட்ட செயற்கைத் திருத்தங்களும் இடம்பெறும். பல கற்களின் இடைவிளிம்பில் சான்றிதழ் எண் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். கல்லில் உள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். விரிசலில் கண்ணாடி நிரப்பிய கல், பொற்கொல்லரின் ஊதுலை வெப்பத்தில் கெடக்கூடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரமே. ஆனால் அதன் விலையும் மறுவிற்பனை மதிப்பும் மிகக் குறைவு. வெப்பக் கடத்தலை அளக்கும் சாதாரண சோதனைக் கருவி அதைச் சுரங்க வைரத்திலிருந்து பிரித்தறியாது.

தேர்வு

வரம்புக்குட்பட்ட பணத்தில் வாங்குபவர் முதலில் சிறந்த வெட்டையும், அடுத்து ஜி முதல் ஐ வரையிலான நிறத்தையும், வெறுங்கண்ணுக்குக் குறை தெரியாத தெளிவையும் உறுதி செய்து, மீதியுள்ள பணத்துக்கேற்ப எடையைத் தீர்மானிப்பது பயன் தரும்.