சைக்கிள் டிஸ்க் பிரேக் இறுகிப்போச்சா? மொத்த செட்டையும் மாத்துறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க!

ஆசையாக வாங்கிய மவுன்டன் பைக், ரெண்டு மழைக்காலமாக அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசு தட்டி மிதித்தால், யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுப்பதுபோல இருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் அரைச் சுற்றிலேயே நின்றுவிடுகிறது. கடையில் காட்டினால், `பிரேக் செட்டையே மாத்தணும் சார்' என்கிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது.

முதலில் ஒன்றைப் பாருங்கள். லீவரில் இருந்து சக்கரத்துக்குப் போவது கம்பி கேபிளா, ஆயில் ட்யூபா? விலை குறைந்த பைக்குகளில் டிஸ்க் இருந்தாலும், அதை இழுப்பது பெரும்பாலும் கேபிள்தான். துருப்பிடித்த கேபிளை மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். ஆயில் ட்யூப் என்றால்தான் கீழே சொல்வதெல்லாம்.

லீவரை அழுத்தினால், ஆயில் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன்களைத் தள்ளும். பேடுகள் டிஸ்க்கைக் கவ்வும். கையை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது, அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல். பிஸ்டன் முன்னே போகும்போது சீல் லேசாக வளையும். அழுத்தம் குறைந்ததும் நிமிர்ந்து, பிஸ்டனையும் கூட்டி வந்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆட்டம்தான் இது. பிஸ்டன்மேல் சேறும் பேட் தூளும் காய்ந்து ஒட்டினால், அந்த ஆட்டமே நின்றுபோகும்.

லீவரே திரும்பி வராமல் ஹேண்டில்பாரோடு ஒட்டி நின்றால், கோளாறு லீவருக்குள். அதை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். லீவர் டக்கென்று திரும்புது, சக்கரம் மட்டும் சுத்தலைன்னா காலிப்பர்தான். அதை வீட்டிலேயே பார்க்கலாம்.

சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றுங்கள். லீவரை மெல்ல மெல்ல அழுத்தி, பிஸ்டன்களை 2, 3 மி.மீ. மட்டும் வெளியே வரவிடுங்கள். பேராசைப்பட்டு இன்னும் அழுத்தினால் பிஸ்டனே கழன்று ஆயில் கொட்டிவிடும். காது குடையும் பட்ஸை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, பிஸ்டனின் ஓரத்தைச் சுற்றிலும் அழுக்குப் போகும்வரை துடையுங்கள். துடைக்காமல் உள்ளே தள்ளினால், அழுக்கு நேராக சீலுக்குத்தான் போகும். பிறகு, அந்த பிரேக்குக்கு உரிய ஆயிலை பட்ஸில் தொட்டு பிஸ்டன் ஓரத்தில் பூசி, பிளாஸ்டிக் டயர் லீவரால் நேராக உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். செராமிக் பிஸ்டன் உடைந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் அசையாமல் அடம்பிடிக்குதா? அசையும் பிஸ்டனை டயர் லீவரால் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்துங்கள். மொத்த அழுத்தமும் இறுகியதன்மேல் போகும். நாலைந்து முறை வெளியே, உள்ளே என்று செய்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

கடைசியாக ஆல்கஹாலால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பேடையும் சக்கரத்தையும் மாட்டுங்கள். காலிப்பரின் ரெண்டு போல்ட்டுகளையும் லேசாகத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி முறுக்கினால், காலிப்பர் டிஸ்க்குக்கு நடுவில் வந்து உட்கார்ந்துவிடும்.

நம்ம ஊர் வைத்தியமான தேங்காய் எண்ணெய் இங்கே ஆகாது. ஸ்ப்ரே லூப்ரிகன்ட்டும் கூடாது. பேடில் எண்ணெய் இறங்கினால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. பேடைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ஆயிலிலும் கவனம். ஷிமானோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராமின் பல மாடல்களுக்கு டாட் ஃப்ளூயிட். மாற்றி ஊற்றினால் சீல் கெட்டுப்போகும். எது வேண்டும் என்று பெரும்பாலும் லீவரிலேயே போட்டிருக்கும்.

`கொஞ்சம் உரசுது, பரவாயில்லை' என்று ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் கிளம்பிவிடாதீர்கள். கொல்லிமலைப் பாதையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். விடாமல் உரசும் பிரேக் இறக்கத்தில் கொதிக்கும். டாட் ஃப்ளூயிட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், பழைய ஆயில் சீக்கிரமே கொதித்து ஆவியாகும். அப்புறம் லீவர் ஹேண்டில்பார்வரை வரும்; வண்டி நிற்காது.

சுத்தம் செய்த பிறகும் காலிப்பருக்குள் ஆயில் கசிந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். பல கம்பெனிகள் சீலைத் தனியாக விற்பதில்லை. அப்போது காலிப்பரை மாற்றத்தான் வேண்டும். சைக்கிளைக் காரில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினால், பேடுகளுக்கு நடுவே ஸ்பேஸரோ மடித்த அட்டையோ செருகிவிடுங்கள். லீவரைக் கண்டால் குழந்தைகள் கை சும்மா இருக்காது!