ரிட்ஸ் ஓட்டலுக்குப் போன கடைப்பெண்

சாப்ளினைத் தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. அதே மௌனப்படக் காலத்தில் அமெரிக்காவையே கலக்கிய கிளாரா போ? வாரம் முழுக்க டெபிட், கிரெடிட் என்று போகிற எனக்கு ஞாயிறு மதியம் பழைய படங்கள்தான். போன வாரம் மறுபடி பார்த்தது, 1927-ல் வந்த 'இட்'.

கதை நமக்குப் பழகியதுதான். பெட்டி லூ ஒரு பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் விற்பனைப் பெண். முதலாளி சைரஸ் மேல் ஆசை. அவன் சாப்பிடப் போகும் ரிட்ஸ் ஓட்டலுக்கே, அவனுடைய நண்பனோடு போகிறாள். போட்டுக்கொள்ள நல்ல உடுப்பு இல்லை. வேலைக்குப் போடும் கவுனையே கத்தரிக்கோலால் வெட்டி பார்ட்டி டிரஸ் ஆக்கிவிடுகிறாள்! முதலீடே இல்லாத வியாபாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தின் உயிர் அதற்குப் பிறகுதான் வருகிறது. கூட இருக்கும் தோழிக்குக் கைக்குழந்தை. உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போகமுடியவில்லை. குழந்தையைப் பறித்துப்போக தர்மசிந்தனையுள்ள சீமாட்டிகள் வந்து நிற்கிறார்கள். பெட்டி, அது தன் குழந்தை என்று சொல்லிவிடுகிறாள். (அங்கே நிருபராகச் சில நொடி வருவது பின்னாளில் பெரிய ஸ்டார் ஆன கேரி கூப்பர்!) செய்தி சைரஸ் காதுக்கும் போகிறது. கல்யாணப் பேச்சை விட்டுவிட்டு வைரம், வசதி என்று பேரம் பேசுகிறான். அவள் அதை மறுத்து, வேலையையும் உதறிவிட்டுப் போகிறாள். அடுத்த மாச வாடகைக்கு என்ன செய்வாள் என்று என் மனசு கணக்குப் போட்டது. கடைசியில் கப்பலில் எல்லாம் சுபம். அந்தப் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

நிஜத்தில் சுபம் இல்லை. புரூக்ளினில் கடும் வறுமையில் வளர்ந்தவர் கிளாரா. 1921-ல், 16 வயதில், பத்திரிகைப் போட்டி ஒன்றில் ஜெயித்து சினிமாவுக்கு வந்தார். 'இட்' என்ற கருத்துக்காக எழுத்தாளர் எலினார் கிளின் வாங்கியது 50,000 டாலர். அதைத் திரையில் காட்டிய பெண்ணையோ, ஹாலிவுட்டின் மேல்தட்டு தன் விருந்துகளில் சேர்த்துக்கொள்ளவில்லை. பேச்சு, பழக்கம் எல்லாம் 'லோக்கலாம்'! 1931-ல் அவருடைய முன்னாள் செக்ரட்டரி மீதான திருட்டு வழக்கில் இவருடைய அந்தரங்கம்தான் பேப்பரில் நாறியது. 1933-ல் 'ஹூப்லா'வோடு நடிப்பை விட்டார், 1965-ல் மறைந்தார்.

தொலைந்துபோனதாக நினைத்த இந்தப் படம் 1960-களில் பிராகில் கிடைத்தது. 2023 முதல் அமெரிக்காவில் காப்புரிமையும் இல்லை. இணையத்தில் தேடினால் கிடைக்கும். டைட்டில் கார்டெல்லாம் ஆங்கிலம். நம் பிள்ளைகளே படித்துச் சொல்லிவிடுவார்கள்.