கே.சி.எஸ். பணிக்கர்

கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977): ஓவியர், ஆசிரியர், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் நிறுவனர். கோயம்புத்தூரில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். பொன்னானியை அடுத்த வெளியங்கோட்டின் வயலும் நீர்நிலையும்தான் சிறுவயதில் அவர் வரைந்த முதல் நிலக்காட்சிகள். குடும்பச் சுமையால் கல்லூரிப் படிப்பை நிறுத்தித் தந்தித் துறையில் வேலைபார்த்தார். 1936-ல் சென்னை கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்.

அப்பள்ளியின் முதல்வர், மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பணிக்கரின் கலைவாழ்வைத் திருப்பிய உறவு இது. 1941-ல் அவருக்குக் கீழேயே ஆசிரியரானார். என்றாலும் குருவின் பாணிக்குள் சீடர் அடங்கவில்லை. 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954-ல் ஐரோப்பா சென்று வந்தார். 1957-ல் ராய் சௌத்ரி விட்டுச்சென்ற முதல்வர் பொறுப்பை ஏற்றார்.

1963-ல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை பிறந்தது. மலையாள எழுத்தின் சாயல், எண்கள், ஜாதகக் கட்டங்கள் எல்லாம் ஓவியப் பரப்பில் நிறைந்தன. மேற்கைப் பார்த்து வரைந்துகொண்டிருந்த தலைமுறைக்கு நம் ஏடுகளிலிருந்தே நவீன ஓவியம் எழ முடியும் என்று காட்டியது இவ்வரிசை. அவர் படைப்புகளில் உச்சம் இதுவே.

படித்து முடித்த மாணவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிடுவது அவரை வாட்டியது. ஓவியர்கள் சேர்ந்து பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலத்தை அமைத்தார்கள். எவருடைய கொடையையும் நம்பாமல் ஓவியர்கள் தம் உழைப்பால் ஊர் கண்டது இந்தியக் கலைவரலாற்றில் அரிய செயல்.

அங்கே வாழ்ந்தவர்களுள் கே. ராமானுஜத்துக்குப் பணிக்கரின் அரவணைப்பு மிகவும் தேவைப்பட்டது. மனநோயோடு போராடிய அந்த இளைஞர், மையால் வரைந்த கனவு நகரங்களால் இன்றும் நினைக்கப்படுகிறார். 1973-ல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், அவர் மனைவி அர்னவாஸ், பின்னர் பாரிஸுக்குக் குடியேறிய விஸ்வநாதன் ஆகியோரும் இந்த வட்டத்தினர்.

1976-ல் லலித் கலா அகாதமி பணிக்கருக்கு ஃபெலோஷிப் வழங்கியது. மறு ஆண்டு ஜனவரியில் சென்னையில் காலமானார். மகன் எஸ். நந்தகோபால் உலோகச் சிற்பியாகப் பெயர்பெற்று, 2017-ல் மறையும்வரை சோழமண்டலத்திலேயே வாழ்ந்து பணியாற்றினார்.